வெண்டைத்தண்டா, ஹைட்ரோஸா?

கண்ணு, பேரன் என்ன பண்றான்னு மாரமங்கலத்துல யாராச்சும் கேட்டா, "பெங்களூர்ல பாகு காச்சறான்"னுதான் நான் சொல்றது. உங்கம்மாவுக்கு மூக்கு மேல கோவம் வருது. "பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி. ஆராய்ச்சி பண்றான்னு வாய் நெறையச் சொல்லுங்க மாமா"ங்குது. சொல்லலாம்தான். எனக்கு மிச்சமிருக்கிற பல்லுக்கு அந்தப் பேரு அடங்க மாட்டேங்குது. அதுவுமில்லாம நான் சொல்றதுல பொய் என்ன இருக்குது? ஒரு கரைசலக் காய வெக்கறே. அது கட்டிப்படற நேரம் பாத்து ஒரு சிட்டிகை எதையோ போடறே. படிகம் நல்லா வந்துச்சான்னு எட்டி எட்டிப் பாக்கறே. கீழ்நாட்டுல ஓமலூர் பக்கம் கரும்பாலைக்காரன் காலங்காலமா பண்ற வேலை இது. அவன் கோவணத்தோட பண்ணினான், நீ வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுப் பண்றே. சம்பளத்துல வித்தியாசம் இருக்கலாம்.

ரெண்டு ஆலையையும் பாத்தவன் நான். வெல்ல ஆலைய நேர்ல பாத்தேன், உன் ஆலைய நீ பொங்கலுக்கு வந்து அளந்த அளப்புல பாத்தேன். அந்தத் தகுதியில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டாலும் கேளு, கேக்காட்டியும் கேளு.

மொதல்ல அந்தப் பேரையே எடுத்துக்க. 1839ல ருசியாவுல யூரல் மலையில கெடைச்ச ஒரு கல்லு. கண்டு எழுதினவர் குஸ்டாவ் ரோஸ்னு ஒரு ஜெர்மன்காரர். பேரு போனது பெரோவ்ஸ்கிங்கிற ருசிய அரசாங்கத்துப் பெரிய மனுசருக்கு. அவருக்குக் கல்லு சேக்கற பித்தாம். நம்ம சேர்வராயன் மலைக் கருங்கல்லும் இதுக்குக் கொறைஞ்சதில்ல. ஹாலண்டுங்கிற வெள்ளக்காரர் இந்த ஜாதிக் கல்லுக்கு சார்னோகைட்டுனு பேரு வெச்சாரு. ஏன்னா, கல்கத்தாவுல செத்துப்போன ஜாப் சார்னாக்குங்கிற கம்பெனி ஆளோட கல்லறையில இந்தக் கல்லத்தான் பதிச்சிருந்தாங்களாம். உசுரோட கல்லு ஒடைக்கிறவன் பேரு எந்தக் கல்லுக்கும் வந்ததா நான் கேள்விப்படல.

சரி, அந்த யூரல் கல்லுல இருந்தது கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன். உன் தகட்டுல இருக்கிறது சீசியமோ வேற எதுவோ, அதோட ஈயம், புரோமின். சரக்குல ஒரு துளி சொந்தமும் இல்ல. அணுக்கள் அடுக்கி நிக்கிற தினுசு ஒண்ணுங்கிறதால பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. புரோமின் இருந்தா பச்சை எரியும், அயோடின் இருந்தா சிவப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும், குளோரின் கலந்தா நீலம். அந்தப் பச்சை சுத்தமான பச்சைன்னு சொன்னே. ஒளியோட அலைநீளம் 20 நானோமீட்டர் அகலத்துக்குள்ள அடங்கி நிக்கும்னு சொன்னே. டிவிக்காரனுங்க நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறது அதுக்குத்தான். உலை வெச்சு உருக்க வேண்டாம், பெரிய வெற்றிட எந்திரம் வேண்டாம், சொட்டு விட்டுச் சுத்தினா படலம் வந்துடும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது.

ஆனா வரலாற நீ கொஞ்சம் சீக்கிரமாத் தாண்டிட்டே, கண்ணு. 1994ல ஜப்பான்ல கியூஷு பல்கலைக்கழகத்துல அடுக்கடுக்கான பெரோவ்ஸ்கைட்ட வெச்சு வெளிச்சம் எடுத்துட்டாங்க. நல்ல பளிச்சுன்னு எடுத்தாங்க. ஒரே ஒரு கொறை, திரவ நைட்ரஜனுக்குள்ள வெச்சாத்தான் எரியும். மைனஸ் 196 டிகிரி. நம்ம ஏற்காட்டு மார்கழிக்கே நான் ரெண்டு கம்பளி தேடறவன். எனக்கு அந்த வெளக்கு தோதுப்படாது. அதுக்கப்புறம் இருபது வருசம் கழிச்சு, 2014ல கேம்பிரிட்ஜ்ல ரிச்சர்ட் ஃப்ரெண்டோட கூடத்துல சாதாரண அறைச் சூட்டுல எரிய வெச்சாங்க. டான் ஜி குவாங்குங்கிறவர் பேரு மொதல்ல இருக்கும். அந்தக் கட்டுரையில பேரு வந்தவங்கள்ல ஒருத்தரான ஆதித்ய சாதனாலா பின்னால பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்துட்டாரு. பொங்கலுக்கு நீ இத ரொம்ப நேரம் சொன்னே.

அந்த மொத வெளக்கோட கணக்கச் சொல்லும்போது மட்டும் உன் குரல் எறங்கிப்போச்சு. அகச்சிவப்புல 0.76 சதம், பச்சையில 0.1 சதம். அப்படின்னா என்ன? பச்சையில ஆயிரம் எலக்ட்ரான் உள்ள அனுப்பினா ஒரே ஒரு ஒளித்துகள் வெளிய வரும். மிச்சம் 999 எங்க போச்சு? சிலது வெளிச்சமாகியும் கண்ணாடிக்குள்ளயே சிக்கிக்கிச்சு, சிலது ஓட்டை வழியா ஒழுகிப்போச்சு, பெரும்பாலும் சூடாப் போச்சு. ஆயிரத்துக்கு ஒண்ணு காட்டினதுக்கே ஒலகம் கை தட்டிச்சு பாரு, அங்கதான் படிச்சவங்களோட பெருந்தன்மை. நம்மூர்ல ஆயிரம் காப்பி நாத்து வெச்சு ஒண்ணு பொழைச்சா, வெச்சவன ஊரே சேந்து சிரிக்கும்.

ஏன் அப்படின்னு கேட்டப்பதான் நீ பாகு விசயத்துக்கு வந்தே. இப்ப என் ஆலைய நீ கேளு.

கரும்புச்சாறு கொப்பரையில கொதிக்கும். அதுல ஆலைக்காரன் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி விடுவான். சாத்துல இருக்கிற புளிப்பு அடங்கணும். அடங்கலைன்னா சர்க்கரை ரெண்டா ஒடைஞ்சு, ஒடைஞ்சது கூட நிக்கிற சர்க்கரையையும் படிகமாக விடாது. வெல்லம் கட்டாம பிசுபிசுன்னு நின்னுடும். சுண்ணாம்பு கூடிப்போனா வெல்லம் கறுத்துடும். அந்த அளவு ஆலைக்காரனோட கண்ணுல இருக்கும், எழுதி வெச்சிருக்க மாட்டான். அப்புறம் வெண்டைத்தண்ட நசுக்கி ஊற வெச்ச கொழகொழப்ப ஊத்துவான். சாத்துக்குள்ள கலங்கிக் கெடந்த அழுக்கெல்லாம் ஒண்ணு சேந்து மேல மெதந்து வரும், அகப்பையால வழிச்சு எறிவான். வெண்டை தன் வேலைய முடிச்சுட்டு அழுக்கோட அழுக்கா வெளிய போயிடும். இதத்தான் நான் சேர்மானம்னு மதிக்கிறேன்.

பொறவு வந்துது ஹைட்ரோஸ். சோடியம் ஹைட்ரோசல்பைட்டு, சாயப்பட்டறைச் சரக்கு. கொப்பரையில ஒரு பிடி வீசினா பாகு தங்கமா மின்னும். அழுக்கு எங்கயும் போயிருக்காது, நெறம் மட்டும் மறைஞ்சிருக்கும். மண்டியில மஞ்சளா இருக்கிற உருண்டைக்குத்தான் வெல. செவ்வாப்பேட்டைக்கு மூட்டை போற வரைக்கும் மின்னினாப் போதும். வாங்கினவன் வீட்டுப் பானையில கெடந்து கொஞ்ச நாள்ல பழைய கறுப்பு திரும்பிடும். ஓமலூர் வட்டாரத்துல உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க வந்து மூட்டை மூட்டையாப் புடிச்சுட்டுப் போறது வருசா வருசம் பேப்பர்ல வர்ற சேதி. ஆலைக்காரன மட்டும் திட்டறதுல எனக்கு இஷ்டமில்ல. பழுப்பு வெல்லத்த வெல கொறைச்சுக் கேட்டது யாரு? நாமதான்.

இப்ப உன் கொப்பரைக்கு வருவோம். ஈய புரோமைடும் கூட்டுச் சரக்கும் கரைஞ்ச சொட்டக் கண்ணாடி மேல விட்டு, நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்துல சுழட்டறே. கரைப்பான் பறந்துடும், படிகம் கட்டும். இந்தச் சரக்குக்குப் பொறுமையே கெடையாது. கண் மூடித் தெறக்கறதுக்குள்ள அங்கொண்ணும் இங்கொண்ணுமாப் பெரிய பெரிய படிகமா வளந்துடும், நடுவுல பொத்தல் விட்டுடும். அந்தப் பொத்தல் வழியா மின்சாரம் வெளிச்சம் எதுவும் தராம நேரா எறங்கிடும். பெரிய படிகமும் உனக்கு ஆகாது. சூரிய மின்தகடு பண்றவன் பெரிய படிகம் வேணும்பான், அவனுக்கு எலக்ட்ரான் தடையில்லாம ஓடிக் கரை சேரணும். உனக்கு அது ஓடக்கூடாது. எலக்ட்ரானும், அது விட்டுட்டு வந்த காலியிடமும் ஒரே எடத்துல மாட்டிக்கிட்டு ஒண்ணையொண்ணு சந்திச்சாத்தான் வெளிச்சம். பெரிய படிகத்துல ரெண்டும் முகம் பாக்காமலே அலைஞ்சு, எதாச்சும் ஒரு கொறைப் பக்கம் போயி சூடா முடிஞ்சிடும்.

அப்ப சின்னதாப் பண்ணிடலாமேன்னு நான் கேட்டேன். நீ தலையச் சொறிஞ்சே. சின்னதாப் பண்ணப் பண்ண ஓரம் கூடும். ஓரத்துல நிக்கிற ஈய அணுவுக்குப் புடிச்சுக்க ஆள் இல்லாம கை காலியா நிக்கும். அந்தக் காலிக் கைதான் வெளிச்சத்தப் புடுங்கித் தின்னும். பெரிசாப் பண்ணினா சந்திப்பு இல்ல, சின்னதாப் பண்ணினா ஓரம் கடிக்கும். இதுல கல்யாணம் ஆகலைன்னு வேற கவலைப்படறியே, மொதல்ல இந்தப் பஞ்சாயத்த முடி.

சிட்டிகை சேர்மானம் இந்தப் பஞ்சாயத்துக்குத்தான் வருதுன்னு புரிஞ்சுது. ஆக்சிஜனோ நைட்ரஜனோ வாலுல வெச்சிருக்கிற மூலக்கூறு ஒண்ணப் போட்டா, அது கரைசல்லயே ஈயத்தோட கையப் புடிச்சுக்கும். படிகம் அவசரப்பட முடியாது, நெதானமாக் கட்டும், பொத்தல் கொறையும். பருத்த உடம்பு அம்மோனியம் உப்பு எதையாச்சும் போட்டா, அது படிகத்துக்குள்ள நொழைய முடியாம வெளிய சுத்தி நின்னு, வளர விடாம நிறுத்திடும். பிரின்ஸ்டன்ல 2017ல நீளவால் அம்மோனியம் உப்ப வெச்சு இத நானோமீட்டர் கணக்குப் படிகமாக் கொண்டாந்தாங்க. கட்டி முடிஞ்ச பொறவும் சேர்மானம் போகாது, ஓரத்துல நிக்கிற காலிக் கையப் புடிச்சுக்கிட்டே இருக்கும். வெண்டைத்தண்டு வேலைய முடிச்சு வெளிய போச்சு, உன் சரக்கு உள்ளயே தங்குது. அந்த ஒரு எடத்துல உன் ஆலை என் ஆலையவிட ஆபத்தானது. உள்ள தங்கறவன் என்ன பண்ணுவான்னு காலம் போனாத்தான் தெரியும்.

ரெண்டு மூணு பழைய சங்கதிய நீயே சொன்னே, எனக்குப் புடிச்சது அதுல 2015 கொரியா வேலை. அந்தக் கட்டுரையில சோ பேரு மொதல்ல வரும், லீ டே-வூ கூட்டத்து வேலை. பளபளன்னு எதையும் தேடல அவங்க. படிகத்துல ஈயம் தனி உலோகமா மிஞ்சிக் கெடந்து வெளிச்சத்த முழுங்குதுன்னு கண்டுபுடிச்சு, கூட்டுச் சரக்குல ஒண்ணான மெத்தில் அம்மோனியம் புரோமைட கணக்குக்கு மேல 5 சதம் கூடப் போட்டாங்க. ஈயம் எல்லாத்துக்கும் ஜோடி கெடைச்சுது. காய்ற நேரத்துல இன்னொரு கரைசலச் சொட்டிப் படிகத்த 100 நானோமீட்டர் பக்கம் நிறுத்தினாங்க. 8.53 சதம் வந்துது. கணக்குல பிசகு எங்கன்னு பாத்து அதச் சரி பண்ணின வேலை இது. வெண்டைத்தண்டு ஜாதின்னு நான் எழுதிக் குடுப்பேன்.

பொறவு 2018 அக்டோபர். நேச்சர் பத்திரிகையில ஒரே இதழ்ல, அடுத்தடுத்த பக்கத்துல, சீனாவுல இருந்து ரெண்டு கூட்டம் 20 சதத்தத் தாண்டிட்டோம்னு வந்து நிக்குது. ஹுவாச்சியாவ் பல்கலைக்கழகம் பச்சையில 20.3, நான்ஜிங் கூட்டம் அகச்சிவப்புல 20.7. பச்சைக்காரங்க மறுபடியும் அந்த மெத்தில் அம்மோனியம் புரோமைடத்தான் போட்டு, சீசியம் படிகத்தச் சுத்தி ஒரு தோலாட்டம் நிக்க வெச்சாங்க. நான்ஜிங்காரங்க வேலைதான் வேடிக்கை. ஒரு அமினோ அமிலத்தப் போட்டாங்க. பொத்தல் அடையல. படிகம் தனித்தனித் தட்டா நிக்குது, நடுவுல இடைவெளி. இத்தன நாள் எல்லாரும் எதச் சாபம்னாங்களோ அதே இடைவெளி. ஆனா அந்த அமிலம் இடைவெளிக்குள்ள மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய படலத்தப் போட்டுடுச்சு, ஒழுக்கு நின்னுது. மேடு பள்ளமா நின்ன தட்டுங்க, கண்ணாடிக்குள்ள சிக்கிக் கெடந்த ஒளிய வெளிய திருப்பி விட்டுது. ஒரு சிட்டிகையில ஓரம் மூடிச்சு, ஒழுக்கு நின்னுது, சிக்கின வெளிச்சமும் வெளிய வந்துது. நீ அத "தன்னால அமைஞ்சது"ன்னு பணிவாச் சொன்னே. தன்னால அமைஞ்சதக் கண்டுக்கறதுக்கும் கண்ணு வேணும்பா.

2022ல சியோல்ல அதே லீ டே-வூ கூட்டம். இந்தத் தடவ படலம் கட்டி முடிஞ்ச பொறவு பென்சைல் பாஸ்போனிக் அமிலத்த மேல ஊத்தினாங்க. அது இண்டு இடுக்குல நொழைஞ்சு பெரிய படிகத்தப் பொளந்து 10 நானோமீட்டர் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் சுத்தி நின்னுக்கிச்சு. 28.9 சதம், சதுர மீட்டருக்கு 4,70,000 கேண்டெலாவுக்கு மேல வெளிச்சம். 2024ல நான்ஜிங் திரும்ப வந்து, ரெண்டு சேர்மானம் போட்டு, அகச்சிவப்புல 32 சதம். பத்தே வருசத்துல ஒண்ணுகூட நெறையாத எடத்துல இருந்து முப்பத்திரண்டு. ஒத்துக்கறேன், பெரிய வேலை. எங்க காலத்துல பத்து வருசத்துல ஏற்காட்டுக்கு மேல ஒரு ரோடு போட்டா அதிகம்.

இப்பத்தான் கெழவன் தன் கொணத்தக் காட்டப் போறேன். நீ சொன்ன சங்கதியில எல்லாம் சதம் வந்துது. 8.53, 20.3, 28.9, 32. பொங்கலுக்கு வந்து போன உன் சேக்காளியும் சதம்தான் பேசினான். எத்தன மணி நேரம் எரியும்னு நான் கேட்டதும் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஃபோன் வந்துது. இங்க டவரே சரியா எடுக்காது, ஃபோன் எங்கிருந்து வந்துதோ.

கேள்வி கேட்டவன் பதிலையும் தேடிக்கணும்னு பக்கத்து ஊட்டுப் பொண்ணுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2018 பச்சை வெளக்கு, சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாங்கிற மங்கல்ல ஆரம்பிச்சு, நூறு மணி நேரத்துக்குச் சித்த மேல ஓடி, வெளிச்சம் பாதியாச்சு. அஞ்சு நாள்கூட இல்ல. சேர்வராயன் கோயில் மே மாசத் திருவிழாவுக்குப் பந்தல்ல கட்டினா, பந்தல் பிரிக்கறதுக்குள்ள வெளக்கு மங்கிடும். 2022 சியோல் வெளக்கு 1,000 கேண்டெலாவுல 520 மணி நேரம், மூணு வாரத்துக்குக் கொஞ்சம் மேல. அதே வெளக்கு 100 கேண்டெலாவுல எரிஞ்சா 30,000 மணி நேரத்துக்கு மேல வரும்ங்கிறாங்க. அது எரிய வெச்சு எண்ணினதில்ல கண்ணு, கணக்குப் போட்டுச் சொன்னது. 30,000 மணி நேரம்னா மூணு வருசத்துக்கு மேல. அதுக்கு எட்டு வருசம் முன்ன வந்த மொத வெளக்குக்கு இந்தக் கேள்விய யாரும் கேக்கவே இல்ல. அதப் பாக்க இது நல்ல தூரம். ஆனா திண்ணையில நான் மாட்டியிருக்கிற சாதாரண பல்பு, டப்பா மேல 15,000 மணி நேரம்னு போட்டுத்தான் கடைக்கு வருது. உன் வெளக்கு அதோடத்தான் மல்லுக்கட்டணும்.

ஏன் மங்குதுங்கிறத நீ வாய் தவறிச் சொல்லிட்டே. மின்சாரம் பாயும்போது படிகத்துக்குள்ள இருக்கிற புரோமினும் அயோடினும் எடத்துல நிக்காம நகருதாம். நீலத்துல இது இன்னும் கேவலம். புரோமினையும் குளோரினையும் கலந்து நீலம் எடுக்கறீங்க. எரிய எரிய ரெண்டும் பங்காளிச் சண்ட போட்டுக்கிட்டுப் பிரிஞ்சு போகுது, நீலம் பச்சைப் பக்கம் சாயுது. இந்தச் சண்டைய நிறுத்தற சேர்மானம் வேற ஜாதி. சீனாவுல ஜெஜியாங் பல்கலைக்கழகத்துல தீ தாவெய் கூட்டம், ஒரு முனையில கூட்டலும் மறுமுனையில கழித்தலும் வெச்சிருக்கிற மூலக்கூறப் போட்டு அணுக்கள நகர விடாமக் கட்டி வெச்சதா 2022ல சொன்னாங்க. ஷாம்பூல போடற சரக்குக்குச் சொந்தக்காரனாம் அது. அவங்க அகச்சிவப்பு வெளக்கு மாசக்கணக்குல எரிஞ்சுது. சதத்துல அது மொத எடம் இல்ல. என் கணக்குல அதுதான் மொத எடம்.

அதான் உனக்கு நான் சொல்ற மொத புத்தி. புதுசா ஒரு சேர்மானம் போட்டு நம்பர் ஏறினதும் குதிக்காத. அது அழுக்க வெளிய எடுத்துச்சா, இல்ல நெறத்த மட்டும் மறைச்சுச்சான்னு பாரு. மொத நாள் பளிச்சுன்னு எரிஞ்சு பத்தாம் நாள் பழைய கொறை திரும்பினா, நீ ஊத்தினது ஹைட்ரோஸ். மண்டிக்காரனுக்கு மஞ்சள் வேணும்னு நாங்க போட்டோம். பத்திரிகைக்காரனுக்கு சதம் வேணும்னு நீங்க போடறீங்க. கட்டுரை அச்சாகற வரைக்கும் மின்னினாப் போதும்னு நெனைக்கிறவன் உங்க கூட்டத்துல ஒருத்தனும் இல்லைன்னு நீ சத்தியம் பண்ணுவியா? பண்ண வேண்டாம், இங்க சேர்வராயன் கேட்டுக்கிட்டு இருப்பாரு.

அளவப் பத்தி ஒரு பழமொழி இருக்குது. அதச் சொன்னா நீ கொட்டாவி விடுவே, அதனால விட்டுடறேன். விசயத்த மட்டும் சொல்றேன். ஓரத்த மூடற மூலக்கூறு பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. கொஞ்சம் போட்டா கொறை மூடும், கூடப் போட்டா படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவுல சுவராயிடும். அப்புறம் வோல்ட்ட ஏத்து ஏத்துன்னு ஏத்தணும். சுண்ணாம்பு கூடின வெல்லம் கறுத்தாப்புல. இதுல நீ ஒண்ணு சொன்னே பாரு, படிகத்தச் சட்டுனு கட்ட வெக்கற எதிர்க் கரைப்பானச் சொட்டற நேரம் ஒரு நொடி தப்பினாப் படலம் கெட்டுடும்னு. அப்ப உன் கூடத்துல வெளக்கு நல்லா எரியறது சேர்மானத்தாலயா, கைராசியாலயா? பத்து தகடு பண்ணினா பத்தும் ஒண்ணு போல வருதா? வந்ததுல நல்லது ஒண்ண மட்டும் எடுத்துக் காட்டறதுக்கு உங்க பாஷையில "சாம்பியன்"னு பேரு வெச்சிருக்கீங்களாம். எங்க பாஷையில அதுக்கு மாப்பிள்ளை பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் வெள்ளையடிக்கிறதுன்னு பேரு. சராசரியையும் போடு. தகடு எத்தன சதுர மில்லிமீட்டர்னும் போடு. நகக்கண்ணு அளவு தகட்டுல பொத்தல் இல்லாம வர்றது, நாப்பத்து மூணு இஞ்சு டிவிக்கு வருமாங்கிறது தனிக் கதை.

ஈயத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. உங்க பாட்டி ஈயச்சொம்புல ரசம் வெச்சாளேன்னு எங்கிட்ட மடக்கினே. அது வெள்ளீயம்டா. கறுப்பு ஈயத்துல எவளும் ரசம் வெக்க மாட்டா. உன் சீசியம் ஈய புரோமைடுல எடைக்கு எடை மூணுல ஒரு பங்குக்கு மேல ஈயம். படலம் ரொம்ப மெல்லிசு, மொத்தமா எடுத்தா ஒண்ணுமே இல்லைன்னு நீ சொல்றது நெசம். ஆனா மின்கருவியில ஈயம் 0.1 சதத்துக்கு மேல கூடாதுங்கிற சட்டம் ஐரோப்பாவுலயும் இருக்குது, நம்ம மின்கழிவு விதியிலயும் இருக்குது. அது பெட்டி மொத்தத்தையும் நிறுத்துப் பாக்காது, ஒவ்வொரு பொருளையும் தனியா எடுத்து நிறுத்தச் சொல்லுது. சட்டத்துல விலக்கு கேட்டு நிக்கப் போறீங்களா, பாட்டி சொம்புப் பக்கம் திரும்பி வெள்ளீயத்த எடுக்கப் போறீங்களா? வெள்ளீயத்துலயும் எரிய வெச்சுப் பாக்கறாங்கதான். ஆனா அது காத்துப் பட்டதும் ஆக்சிஜனேறிக் கெட்டுப்போற சரக்கு. கெடாம இருக்க வெள்ளீய புளோரைடு மாதிரி இன்னொரு சேர்மானம் போடறாங்க. பாத்தியா, எங்க சுத்தினாலும் சிட்டிகையிலதான் வந்து நிக்குது.

கேலி போதும், ஒண்ணு நெசமாவே சொல்றேன். நீ சரக்கக் கரைக்கிற அந்த டைமெத்தில் பார்மமைடு ஈரலுக்கு ஆகாதாம், தோல் வழியாவே உள்ள போகுமாம். கையுறை போடாம ஒரு நாளும் தொடாத. ஆலைக்காரன் கொதிக்கிற கொப்பரைக்குப் பயந்தான். அது சுட்டுச் சொல்லிடும். இது சொல்லாது.

உங்க வாத்தியார்கிட்ட கெழவன் சொன்னான்னு இதையும் சொல்லு. சேர்மானத்தோட பேர மட்டும் எழுதாம, எந்த நேரத்துல, எத்தன அளவு, எத்தன ஈரப்பதத்துல போட்டீங்கன்னு எழுதணும். மலையில மழைக் காலத்துல காத்தப் புழிஞ்சா தண்ணி வரும். பாலைவனத்துல ஒருத்தன் பண்ணினது இங்க வராது. ஓமலூர் ஆலைக்காரன் அளவச் சொல்லித் தராமலே செத்துப்போனான். அவன் மகனுக்கு வெண்டைத்தண்டு கைகூடல, ஹைட்ரோஸ் மூட்டைதான் சுளுவா வந்துது. நீங்க சம்பளம் வாங்கறது சனங்க வரிப்பணத்துல. சிட்டிகைய மறைச்சு வெக்க உங்களுக்கு உரிமையில்ல.

பெரோவ்ஸ்கைட் தானே எரியற டிவியோ பல்போ இன்னும் நம்ம சேலத்துக் கடைக்கு வரல. வர்ற அன்னிக்கு, டப்பா மேல சதத்தப் பெருசாப் போட்டு ஏமாத்தாம, எத்தன வெளிச்சத்துல எத்தன மணி நேரம் எரிய வெச்சு எண்ணினீங்கன்னு அச்சடிக்கச் சொல்லு. கணக்குப் போட்டுச் சொன்னதுன்னா அதையும் அப்படியே அச்சடிக்கச் சொல்லு. அதப் படிச்சுப் பாத்துட்டுத்தான் நான் காசெடுப்பேன், பேரன் பண்ணினதா இருந்தாலும் சரி.